சோற்றுக்கு வெட்டிய கால்வாய்: சென்னை – புதுச்சேரி நீர்வழியில் உல்லாசப் படகுப் பயணம்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலும், புதுச்சேரிக்குத் தெற்கே நோணாங்குப்பத்திலும் இன்று உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ நீரில் சுற்றி வருவது, கரையிலோ படகிலோ சாப்பிடுவது, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது ஆகியவையே இப்பயணத்தின் இயல்பு. சுற்றுலாத் துறையின் புதிய ஏற்பாடு போலத் தோன்றினாலும் இதற்கு நீண்ட பின்னணி உண்டு. இந்த வட்டாரத்தின் நீர்வழிகள் உல்லாசத்துக்காக உருவானவை அல்ல. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிச் செல்லவும், வயலுக்கு நீர் பாய்ச்சவும், பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்கவும் உருவானவை. உழைப்பாளிகளின் தோணி ஓடிய நீரில்தான் பின்னர் உல்லாசப் படகும் ஓடியது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

ஆற்றங்கரையும் கட்டுச்சோறும்

நீர்நிலைக்குச் சென்று பொழுதைக் கழித்து, கொண்டுசென்ற உணவை உண்டு திரும்புவது தமிழர்க்குப் பழைய வழக்கம். சங்க நூல்களுள் ஒன்றான பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையை ஆற்றைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்ததும் மதுரை மக்கள் திரளாகச் சென்று நீராடி மகிழ்ந்ததை அவை விரிவாகக் காட்டுகின்றன. காவிரிக் கரையில் ஆடி 18ஆம் நாள் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கும் அத்தகையதே. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனக் கலந்த சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றுக்குச் செல்வது அந்நாளின் சிறப்பு.

விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இதற்கு இணையானது தை மாதம் 5ஆம் நாள் நடைபெறும் ஆற்றுத் திருவிழா. பாகூர்ப் பகுதியில் தென்பெண்ணையின் கரையிலுள்ள சோரியாங்குப்பத்திலும் இவ்விழா நடைபெறுகிறது. சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி காண்பர். மணலில் கடைகள் முளைக்கும். இத்திருவிழாவுக்கென்றே விற்பனைக்கு வரும் சுருளிக்கிழங்கை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு. படகு இல்லை என்பதைத் தவிர, ஆற்றுலாவுக்குரிய எல்லாம் இதில் உண்டு.

படகு ஏன் இல்லை என்பதற்கு ஆற்றின் இயல்பே விடை.

சங்கராபரணியும் செல்லிப்பட்டும்

புதுச்சேரியின் முதன்மையான ஆறு சங்கராபரணி. செஞ்சியாறு, வராக நதி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பகுதியின் மலைகளில் தோன்றி, வீடூர் அணையில் தொண்டியாற்று நீரையும் சேர்த்துக்கொண்டு, திருவக்கரை வழியாகப் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் கடந்த பிறகு, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்ற இரு கிளைகளாகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 80 கி.மீ.

வில்லியனூர் வட்டத்தில் இந்த ஆற்றங்கரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று செல்லிப்பட்டு. இவ்வூருக்கும் எதிரே உள்ள பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒரு படுகை அணை கட்டப்பட்டது. படுகை அணை என்பது மதகுகளோடு உயர்ந்து நிற்கும் பெரிய அணை அன்று. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்படும் தடுப்புச் சுவர். வெள்ளக் காலத்தில் நீர் அதன் மேல் வழிந்தோடும். வெள்ளம் வடிந்த பின் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீர் மண்ணில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை உயர்த்தும். அதாவது செல்லிப்பட்டில் ஆற்று நீரின் வேலை படகை மிதக்க வைப்பதன்று, நிலத்தை நனைப்பது.

சங்கராபரணி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருக்கெடுத்து, கோடையில் மணலாகிவிடும். ஆகையால் மேற்பகுதியில் நிலையான படகுப் போக்குவரத்து அமையவில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகப் பகுதியில் மட்டுமே ஆண்டு முழுவதும் படகு ஓடும் ஆழம் உண்டு.

அந்தக் கழிமுகத்தின் பழமைக்குச் சான்று அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள இவ்விடத்தில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் அகழாய்வு செய்தனர். ரோமானிய மட்பாண்டங்களும் ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது, ஒலிவ எண்ணெய், மீன் சாறு ஆகியவற்றைக் கொண்டுவந்த சாடிகள் அவை. இன்று உல்லாசப் படகு ஓடும் கழிமுகத்துக்கு அருகே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்த உணவுப்பொருள்கள் இறங்கியிருக்கின்றன.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

சோழமண்டலக் கரையில் நெடுந்தூரப் படகுப் பயணத்துக்கு வழி திறந்தது ஆறு அன்று, மனிதர் வெட்டிய கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவுடன் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாயை அமைக்கத் தொடங்கினார். பின்னர் அது பழவேற்காடு வரை நீண்டது. 1837இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடற்கரைக்கு இணையாக இருந்த காயல்களையும் உப்பங்கழிகளையும் இணைத்து, வடக்கிலும் தெற்கிலும் கால்வாய் படிப்படியாக நீட்டப்பட்டது. ஆனால் சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 8 கி.மீ. இணைப்பு இல்லாமல் கிடந்தது.

அந்த இணைப்பை உண்டாக்கியது பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது வரலாற்றறிஞர் கணிப்பு. சென்னை மாகாணம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பட்டினியால் நகருக்கு வந்து குவிந்தவர்களுக்கு நிவாரணப் பணியாகக் கால்வாய் வெட்டும் வேலை கொடுக்கப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே 1878இல் கால்வாய்க்கு இடப்பட்டது.

பஞ்ச நிவாரணப் பணிகளில் அன்று தரப்பட்ட கூலியை இங்கு நினைவுகூர வேண்டும். 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வகுத்த அளவின்படி, நாள் முழுவதும் உழைக்கும் ஓர் ஆணுக்குக் கூலி ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. கடும் உழைப்புக்கு இந்த உணவு போதாது, மக்கள் மெலிந்து இறப்பார்கள் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் வாதாடினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கருத்து. சில வாரங்களில் மாகாண அரசு ஓரளவு இறங்கிவந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்புமாகக் கூலியை உயர்த்தியது. ஒரு வேளைச் சோற்றுக்காக மண் சுமந்த கைகள்தாம் சென்னைக்குத் தெற்கும் வடக்கும் ஒரே நீர்வழியால் இணையக் காரணமாயின.

முழுமை பெற்றபோது பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டது. அதில் ஏறத்தாழ 163 கி.மீ. இன்றைய தமிழ்நாட்டில் உள்ளது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவே.

தோணிப் பயணம் நடந்த விதம்

கால்வாயில் ஓடியவை பெரும்பாலும் சரக்குத் தோணிகள். தெற்கிலிருந்து சவுக்கு விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை சென்னைக்கு வந்தன. வடக்கிலிருந்து நெல்லும் பிற தானியங்களும் வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். காற்றும் இல்லாது கழியும் உதவாதபோது, தோணியில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரம் நடந்து இழுப்பார்கள். நீர்மட்டம் மாறும் இடங்களில் அடைப்புக் கதவுகள் இருந்தன. கதவு திறக்கும் வரை தோணி காத்திருக்கும்.

இத்தோணிகளிலேயே பயணிகளும் சென்றனர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரும்பியவர்களுக்குக் கால்வாய் வசதியான வழியாக இருந்தது. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. நில வழியாகச் செல்வோர் செங்கற்பட்டு வரை ரயிலில் சென்று, திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் போய், கடைசியில் கால்வாயைப் படகில் கடக்க வேண்டும். தோணியில் ஏறினால் மாமல்லபுரத்தின் மேற்குப் புறத்திலேயே இறங்கிவிடலாம். ஆனால் பயணம் மெதுவானது. இரவைத் தோணியிலேயே கழிக்க நேரும். ஆகவே சோறும் குடிநீரும் பாயும் கொண்டுசெல்வது இன்றியமையாததாயிற்று. இன்றைய உல்லாசப் படகில் பயணச்சீட்டோடு உணவும் சேர்ந்து வருகிறது. அன்று உணவைக் கட்டிக்கொள்வதே பயணத்தின் முதல் ஏற்பாடு.

1934: ஒரு முழுநிலாப் பயணம்

இக்கால்வாயில் நடந்த உல்லாசப் பயணங்களுள் தமிழ் இலக்கியத்தில் நிலைபெற்றது, 1934இல் பாரதிதாசனும் நண்பர்களும் மேற்கொண்ட பயணம். புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் (1891–1964) 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். அவரும் ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி, சாமி. சிதம்பரனார், நாரண துரைக்கண்ணன் முதலியோரும் ஒரு முழுநிலா நாளில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றனர். அப்பயணத்தின் பயனாகப் பிறந்ததே ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை. இங்கே ‘செலவு’ என்பது பணச் செலவு அன்று. செல்லுதல், அதாவது பயணம் என்ற பழைய பொருளில் கவிஞர் அச்சொல்லை ஆண்டுள்ளார்.

உடன் சென்றவர்களை நோக்கினால் அப்படகு ஒரு சிறிய அவை போலத் தோன்றும். ஜீவானந்தம் பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் பெருந்தலைவரானார். குருசாமியும் குஞ்சிதமும் சுயமரியாதை இயக்கத்தின் முன்னணியினர். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியராக இருந்து தமிழக வரலாற்று ஆய்வில் பெரும்புகழ் பெற்றார். சாமி. சிதம்பரனார் தமிழறிஞர். நாரண துரைக்கண்ணன் பத்திரிகையாளர். அப்பயணத்தின் நட்பு அத்துடன் முடிந்துவிடவுமில்லை. பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதியை 1938இல் வெளியிட்டவர்கள் குருசாமியும் குஞ்சிதமும் ஆவர். அதற்குப் பொருளுதவி செய்தவர் கடலூர் தி. கி. நாராயணசாமி நாயுடு.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னையின் வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்வதாகவே கவிஞர் தம் பாடலைத் தொடங்குகிறார். நிலவியலின்படி கால்வாய் மரக்காணத்தோடு நின்றுவிட்டது. ஆயினும் புதுவைக் கவிஞருக்கு அது தம் ஊரையும் சென்னையையும் இணைத்த நீர்வழியாகவே தோன்றியிருக்கிறது. அன்று இடையில் பிரெஞ்சு, ஆங்கில ஆட்சிகளின் எல்லை இருந்ததை நினைத்தால் அத்தொடக்கத்தின் பொருள் இன்னும் விளங்கும்.

தோணிகள் நின்றது ஏன்?

ரயிலும் லாரியும் பெருகியதும் சரக்குகள் நீரை விட்டு நிலத்துக்கு மாறின. தோணி ஒரு வாரம் எடுத்த தொலைவை லாரி ஒரே இரவில் கடந்தது. 1960களின் நடுவில் வீசிய புயல்கள் கால்வாயைப் பெரிதும் சேதப்படுத்தின. தூர் வாருவது குறைந்தது. சென்னை நகர்ப் பகுதியில் வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவுநீரும் கலந்தன. பறக்கும் ரயில் என மக்கள் அழைக்கும் உயர்மட்ட ரயில்பாதையின் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே எழுந்தன. அப்பாதையின் முதல் பகுதி 1995இலும், திருமயிலை வரையிலான பகுதி 1997இலும் திறக்கப்பட்டன. பஞ்சத்தில் வெட்டிய அந்த 8 கி.மீ. இணைப்பில் இன்று படகு ஓட இடமில்லை.

இங்கே வரிசை ஒன்றைக் காணலாம். முதலில் நின்றது சரக்குத் தோணி. சரக்குத் தோணி நின்றதும் கால்வாயைப் பேணுவதில் யாருக்கும் வருவாய் இல்லாமற்போனது. பேணுதல் நின்றதும் நீர் கெட்டது. நீர் கெட்டதும் உல்லாசப் பயணிகளும் வருவதை நிறுத்தினர். ஆயினும் கால்வாயின் பயன் முற்றும் மறையவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பல இடங்களில் அலையின் வேகத்தைக் கால்வாய் தாங்கிக்கொண்டதால் அதற்கு மேற்கே இருந்த ஊர்களின் சேதம் குறைந்தது.

முட்டுக்காடும் நோணாங்குப்பமும்

பழைய தோணி வழியில் இன்றும் உல்லாசப் படகு ஓடும் இடம் முட்டுக்காடு. கோவளம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் சந்திக்கும் இவ்விடத்தில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் நடத்தி வருகிறது. அண்மையில் இங்கே 125 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட இரண்டு அடுக்கு மிதக்கும் உணவகப் படகும் வந்துள்ளது. உணவு உண்டபடியே உப்பங்கழியைச் சுற்றிப் பார்க்கலாம். 1934இல் கவிஞரும் நண்பர்களும் மாமல்லபுரம் சென்றதும் இந்த வழியாகவே.

புதுச்சேரியில் இதற்கு ஒப்பானது, கடலூர்ச் சாலையில் நகரிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவிலுள்ள நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுக் குழாம். புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இதனை நடத்துகிறது. இங்கிருந்து படகில் ஏறினால், அலையாத்திச் செடிகள் நிற்கும் கரைகளைக் கடந்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து மணல் திட்டுக்குச் செல்லலாம். பாரடைஸ் கடற்கரை என்று பயணிகள் அழைக்கும் இடம் அது. செல்லிப்பட்டு வழியாக வரும் அதே சங்கராபரணிதான் இங்கே சுண்ணாம்பாறாகக் கடலைத் தொடுகிறது. வீடூர் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டால், வெள்ளம் செல்லிப்பட்டைக் கடந்து இங்கு வந்து சேரும். அப்போது படகுச் சவாரி நிறுத்தப்படும்.

தேசிய நீர்வழி 4

மரக்காணத்தோடு நின்ற கால்வாயைப் புதுச்சேரி வரை கொண்டுவரும் எண்ணம் சட்ட வடிவம் பெற்றது 2008இல். காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களும், களுவேலி ஏரியும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என அவ்வாண்டு அறிவிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் தேசிய நீர்வழிகள் மொத்தம் 111 ஆயின. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள களுவேலி, வலசைப் பறவைகள் வந்து தங்கும் பெரிய சதுப்பு ஏரி. 2021இல் தமிழ்நாடு அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இவ்வழியில் இனி எந்தப் படகு ஓடுவதானாலும் பறவைகளின் தேவையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர் இருக்கும் வரை

இந்த வரலாற்றில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் வருகிறது. உல்லாசப் படகு தனக்கென ஒரு நீர்வழியை உண்டாக்கிக்கொண்டதில்லை. வேறு தேவைக்காக யாரோ வெட்டியதையும் கட்டியதையும் பேணியதையுமே அது பயன்படுத்திக்கொண்டது. 2021ஆம் ஆண்டு மழைக்கால வெள்ளத்தில் செல்லிப்பட்டு படுகை அணை உடைந்தது. அங்கே உல்லாசப் படகு எதுவும் இல்லை என்பதால் சுற்றுலாவுக்கு அதனால் நட்டமில்லை. நட்டம் கிணற்று நீரை நம்பிய உழவர்களுக்கே. ஆனால் அணையில் தேங்கி மண்ணில் இறங்கும் நன்னீர்தான் கடலோரத்து உப்புநீர் நிலத்தடியில் மேலும் உள்ளே வராமல் தடுக்கிறது. மேலே ஆறு நலிந்தால் கீழே கழிமுகமும் நலியும்.

நோணாங்குப்பத்தில் படகில் அமர்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பவருக்குச் செல்லிப்பட்டின் படுகை அணை கண்ணுக்குத் தெரியாது. முட்டுக்காட்டு உணவகப் படகில் அமர்ந்திருப்பவருக்கு 1877இல் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்தவர்களும் தெரியமாட்டார்கள். ஆயினும் அந்தப் படகுகள் மிதப்பது இவர்கள் உழைத்த நீரில்தான்.